ஈறு நோய்: கத்தி எப்போது தேவை?

ஈறு நோய் பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைக்கும் நோய். பல்லும் ஈறும் சேரும் இடத்தில் படியும் கிருமிப் படலம் நாளடைவில் காரையாக இறுகுகிறது. ஈறு வீங்கிப் பல்லை விட்டு விலக, நடுவே ஒரு பை உண்டாகிறது. பெரும்பாலும் வலி இருக்காது. துலக்கும்போது ரத்தம் கசியும், வாய் நாறும். பல் ஆடத் தொடங்கும்போது எலும்பில் கணிசமான பகுதி கரைந்திருக்கும். மலேசியாவில் 2010-இல் பெரியவர்களிடம் நடந்த தேசிய வாய்நல ஆய்வில் 48.5 விழுக்காட்டினருக்கு இத்தகைய பைகள் இருந்தன, 18.2 விழுக்காட்டினருக்கு நோய் முற்றியிருந்தது.

எடுத்த எடுப்பில் யாருக்கும் அறுவைச் சிகிச்சை செய்வதில்லை. பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ உள்ள சாதாரணப் பல் கிளினிக்கில் காரையை எடுப்பதும், ஈறுக்கு அடியில் வேரைச் சுத்தம் செய்வதும்தான் முதல் கட்டம். ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து, மில்லிமீட்டர் கோடுகள் இட்ட மெல்லிய கம்பியால் ஒவ்வொரு பையின் ஆழமும் அளக்கப்படும். 3 மி.மீ. வரை கவலையில்லை. 4, 5 மி.மீ. என்றால் மறுபடியும் சுத்தம் செய்தால் போதும். 6 மி.மீ. அல்லது அதற்கு மேல் நின்றுவிட்டால், கண்ணுக்குத் தெரியாத அந்த ஆழத்தில் கருவி சரியாக எட்டாது. அப்போதுதான் நோயாளி ஈறு நோய் நிபுணரிடம் அனுப்பப்படுகிறார். அரசாங்க நிபுணர் கிளினிக்குகளோடு மலாயாப் பல்கலைக்கழகம், மலேசிய தேசியப் பல்கலைக்கழகம், சுங்கை பூலோவில் உள்ள மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் பல் மருத்துவப் பிரிவுகளிலும் இந்தச் சிகிச்சை உண்டு.

அதிகம் செய்யப்படுவது மடல் அறுவை. மரத்துப்போகும் ஊசி போட்டபின், பல்லை ஒட்டி ஈற்றைக் கீறி, எலும்பிலிருந்து மடல்போல் விலக்குவார்கள். நோயுற்ற சதையைச் சுரண்டி எடுத்து, வேரில் ஒட்டிய காரையை நேரில் பார்த்தே நீக்கி, உப்புநீரால் கழுவித் தையல் போடுவார்கள். ஒன்று இரண்டு வாரத்தில் தையல் பிரிக்கப்படும். ஈறு சுருங்குவதால் பல் நீண்டதுபோல் தோன்றும். சில காலம் குளிர்ந்த நீர் பட்டால் கூசும்.

மடல் அறுவை நோயை நிறுத்துமே தவிர, போன எலும்பைத் திருப்பித் தராது. எலும்புக் குழி ஆழமாகவும் குறுகலாகவும் இருந்தால் ஓரளவு மீட்கலாம். எலும்பைவிட ஈற்றின் மேல்தோல் வேகமாக வளர்ந்து குழியை அடைத்துவிடுகிறது. அதைத் தடுக்க நடுவே ஒரு சவ்வை வைக்கும் முறை 1982-இல் ஸ்வீடனில் அறிமுகமானது. குழிக்குள் எலும்புத் துகளும் நிரப்பப்படும். அந்தத் துகள் பெரும்பாலும் மாட்டெலும்பிலிருந்தும், சவ்வு பல சமயம் பன்றியின் கொலாஜெனிலிருந்தும் தயாராகிறது. இந்துக்களும் முஸ்லிம்களும் சிகிச்சைக்கு வரும் கோலாலம்பூரில், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. நோயாளியின் சொந்தத் தாடை எலும்பு, தானமாகப் பெற்ற மனித எலும்பு, செயற்கைக் கால்சியம் பாஸ்பேட் ஆகிய மாற்று வழிகள் உள்ளன.

பைகளுக்கு மட்டுமின்றி வேறு நிலைகளிலும் ஈறு அறுவை தேவைப்படலாம். ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், வலிப்புக்கான ஃபெனிடோயின் போன்ற மாத்திரைகளால் சிலருக்கு ஈறு தடித்துப் பல்லை மூடும். மருத்துவர் மருந்தை மாற்றியும், பல்லைச் சுத்தம் செய்தும் அது வற்றாவிட்டால், மிகுந்த சதை வெட்டி எடுக்கப்படும். ஈறு இறங்கி வேர் தெரிந்தால், மேலண்ணத்திலிருந்து திசு எடுத்து அங்கே ஒட்டுவார்கள்.

பலன் உடல்நிலையைப் பொறுத்தது. இனிப்புநீர் கட்டுக்குள் இல்லையென்றால் புண் ஆறத் தாமதமாகும், நோயும் திரும்பும். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. அத்தகையவர்கள் ரத்தச் சர்க்கரையைச் சரிசெய்துகொண்ட பின்பே அறுவைக்குச் செல்ல வேண்டும். புகைப்பவர்களுக்குப் பலன் குறைவு. ஒட்டுத் திசு பிடிக்காமலும் போகலாம்.

அறுவைக்குப் பின் சில நாள் கஞ்சி போன்ற மென்மையான உணவே ஏற்றது. தையல் உள்ள இடத்தைத் துலக்காமல் குளோர்ஹெக்சிடின் நீரால் கொப்பளிக்க வேண்டும். பிறகு பல்லிடுக்குத் தூரிகையைத் தினமும் பயன்படுத்தி, மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போகவேண்டும். இதை விட்டுவிட்டால் பை மறுபடியும் ஆழமாகும்.