ஒரே நாள்ல சிங்கப்பூர் கம்பெனி: அந்த விளம்பரம் சொல்லாத கணக்கு

"சென்னையில உட்கார்ந்துகிட்டே சிங்கப்பூர்ல கம்பெனி ஓனர் ஆகுங்க. ஒரே நாள் வேலை. ஒரு டாலர் முதலீடு போதும்." இந்த மாதிரி ரீல்ஸ் உங்க கண்ணுலயும் பட்டிருக்கும். மாசச் சம்பளத்துல ஒரு பக்கம் பிஎஃப், ஒரு பக்கம் டிடிஎஸ் போறதைப் பார்த்துட்டு இருக்கிற நமக்கு இதைக் கேட்டா கை துறுதுறுங்கும்.

அந்த விளம்பரத்துல சொல்ற எதுவும் பொய் இல்லை. அங்கதான் சிக்கலே. கம்பெனி பதிவு செய்யற அக்ராவுக்குக் கட்ட வேண்டியது பேருக்கு 15 டாலர், பதிவுக்கு 300 டாலர், மொத்தம் 315 சிங்கப்பூர் டாலர். பங்கு மூலதனம் ஒரு டாலர் இருந்தாலே சட்டப்படி போதும். பெரும்பாலும் அன்னைக்கே பதிவு ஆகிடும். கார்ப்பரேட் வரி 17%. டிவிடெண்டுக்கு அங்க வரியே இல்லை.

இப்போ சொல்லாம விட்டதுக்கு வருவோம். வெளிநாட்டுல இருந்து நீங்களே நேரா பதிவு பண்ண முடியாது, பதிவு பெற்ற ஏஜென்ட் மூலமாத்தான் போகணும். சிங்கப்பூர்ல வசிக்கிற ஒரு டைரக்டராவது கட்டாயம் இருக்கணும். உங்களுக்கு அங்க ஆள் இல்லைன்னா 'நாமினி டைரக்டர்' வாடகைக்குக் கிடைப்பார். அதுக்கு வருஷத்துக்கு ஆயிரம், ரெண்டாயிரம் டாலர்னு போகும், பல ஏஜென்ட்கள் டெபாசிட்டும் கேட்பாங்க. ஆறு மாசத்துக்குள்ள ஒரு கம்பெனி செக்ரட்டரி, ஒரு உள்ளூர் முகவரி, வருஷா வருஷம் ரிட்டர்ன். வருமானம் பூஜ்யமா இருந்தாலும் இந்தச் செலவு நிக்காது. பேங்க் அக்கவுண்ட் இன்னொரு தலைவலி. உங்க க்ளையண்ட் யாரு, பணம் எங்கிருந்து வருதுன்னு துருவித் துருவிக் கேட்பாங்க.

சரி, செலவு போகட்டும், வரி மிச்சமாகுதேன்னு நினைக்கலாம். அதைக் கணக்கு போட்டே பார்த்துடுவோம்.

நீங்க ஓஎம்ஆர்ல வேலை பார்க்கறீங்க. வீக்கெண்ட்ல ஒரு சிங்கப்பூர் க்ளையண்டுக்கு சாஃப்ட்வேர் வேலை செய்றீங்க. வருஷத்துக்கு 50,000 சிங்கப்பூர் டாலர் லாபம், நம்ம காசுல 30 லட்சத்துக்கு மேல. உங்க சம்பளத்துக்கு ஏற்கனவே 30% ஸ்லாப்.

விளம்பரக் கணக்கு இப்படிப் போகும்: புது கம்பெனிகளுக்கு முதல் மூணு வருஷம் முதல் 1,00,000 டாலர் லாபத்துல 75% விலக்கு. அதனால 12,500 டாலருக்குத்தான் வரி. 17% போட்டா 2,125 டாலர். அருமை.

ஆனா அந்த விலக்கு சிங்கப்பூரோட டாக்ஸ் ரெசிடென்டா இருக்கிற கம்பெனிக்குத்தான். பதிவு எங்க இருக்குன்னு ஐராஸ் பார்க்காது, கம்பெனியோட முக்கிய முடிவுகளை யார் எங்க உட்கார்ந்து எடுக்கறாங்கன்னுதான் பார்க்கும். நாமினி டைரக்டர் கையெழுத்து மட்டும் போடறார், எல்லா முடிவும் வேளச்சேரி ஃப்ளாட்லதான் நடக்குதுன்னா உங்க கம்பெனி அங்க ரெசிடென்ட் இல்லை. அப்போ எல்லா கம்பெனிக்கும் கிடைக்கிற பொதுவான விலக்குதான்: முதல் 10,000 டாலருக்கு 75%, அடுத்த 1,90,000 வரைக்கும் 50%. நம்ம 50,000-ல விலக்கு 27,500, மீதி 22,500-க்கு 17%, அதாவது 3,825 டாலர்.

இன்னும் முடியலை. மிச்சம் 46,175 டாலரை டிவிடெண்டா உங்க கைக்கு எடுக்கும்போது, நீங்க இந்தியாவுல ரெசிடென்ட், அதனால அது ஸ்லாப் ரேட்ல வரும். செஸ் சேர்த்து 31.2%, கிட்டத்தட்ட 14,407 டாலர். ரெண்டையும் கூட்டினா 18,232. கம்பெனியே இல்லாம அதே வருமானத்தை நேரா இங்க காட்டியிருந்தா? 15,600. ஐடி வேலைக்கு ப்ரிசம்ப்டிவ் முறையில வர்ற பாதியை மட்டும் வருமானமா காட்டலாம். அது உங்களுக்குப் பொருந்தினா 7,800-ல முடிஞ்சிருக்கும். (20 லட்சம் தாண்டறதால ஜிஎஸ்டி பதிவு வேணும். ஆனா எல்யூடி கொடுத்துட்டா ஏற்றுமதிக்கு ஜிஎஸ்டி கட்ட வேண்டியதில்லை.) நாமினி, செக்ரட்டரி செலவை நான் இன்னும் சேர்க்கவே இல்லைங்க!

"டிவிடெண்டே எடுக்க மாட்டேன், கம்பெனியிலயே விட்டு வளர்ப்பேன்"னு ஒரு யோசனை வரும். வேலை மொத்தமும் நடக்கறது உங்க வீட்டுல. அப்போ அந்த லாபம் இங்க சம்பாதிச்சதுன்னு நம்ம வரித்துறை கேட்க இடம் இருக்கு. வெளிநாட்டு கம்பெனிக்கு இந்தியாவுல ரேட் 35%. சிங்கப்பூர்ல ரெசிடென்ட் இல்லாத கம்பெனி, இரு நாட்டு வரி ஒப்பந்தத்தைக் காட்டித் தப்பிக்கவும் முடியாது.

அடுத்தது ரிசர்வ் பேங்க். இதுலதான் நம்ம ஆளுங்க தெரியாம மாட்டிக்கறாங்க. ஒரு டாலர் போட்டாலும் அது வெளிநாட்டு நேரடி முதலீடு. வருஷத்துக்கு 2,50,000 அமெரிக்க டாலர் எல்ஆர்எஸ் வரம்புக்குள்ள, உங்க பேங்க் வழியா படிவம் கொடுத்து, யூஐஎன் நம்பர் வாங்கின பிறகுதான் பணம் போகணும். "ஏஜென்டுக்கு கார்டுல கட்டிட்டேன், மூலதனத்தை அங்க இருக்கிற ஃப்ரெண்ட் போட்டுட்டான்" எல்லாம் இந்த வழி கிடையாது. ஒரு டாலர் மூலதனம் போட்டுட்டு மீதியைக் கடனா கொடுக்கலாமேன்னா, தனிநபருக்கு அந்த அனுமதி இல்லை, பங்காத்தான் போடணும். நிதி ஆண்டுல 10 லட்சத்துக்கு மேல அனுப்பினா மேல போற தொகைக்கு 20% டிசிஎஸ் பிடிப்பாங்க. ஐடிஆர்ல திரும்பக் கிடைக்கும், ஆனா அதுவரைக்கும் காசு முடங்கும்.

ஐடிஆர்ல ஷெட்யூல் எஃப்ஏ-வை மறக்காதீங்க. டைரக்டர் ஆகிட்டா ஐடிஆர்-1 போட முடியாது. வெளிநாட்டுச் சொத்தைக் காட்டாம விட்டா கருப்புப் பணச் சட்டத்துல 10 லட்சம் ரூபாய் அபராதம். வீடு, நிலம் தவிர மத்த சொத்து மொத்தம் 20 லட்சத்துக்குள்ள இருந்தா 2024 அக்டோபர்ல இருந்து அந்த அபராதம் இல்லை. காட்டற கடமை மட்டும் அப்படியே இருக்கு. உங்க ஆபீஸ் அப்பாயின்ட்மென்ட் லெட்டரையும் ஒரு தடவை எடுத்துப் படிங்க, டைரக்டர் பேரு யார் வேணும்னாலும் காசு கொடுத்துப் பார்க்கக்கூடிய தகவல்.

"அப்போ நானே அங்க போயிடறேன்"னா, அது நேர்மையான வழி, விலை மட்டும் வேற. ஆன்ட்ரபாஸ் புதுமையான டெக்னாலஜி அல்லது முதலீட்டாளர் ஆதரவு உள்ள தொழிலுக்கு. காப்பிக் கடை, மசாஜ் நிலையம், ஃபெங் சுய் மாதிரி இட சாஸ்திரத் தொழில் எதுக்கும் கிடையாதுன்னு மனிதவள அமைச்சு பேர் போட்டே சொல்லியிருக்கு. லிட்டில் இந்தியாவுல மெஸ் போடற கனவு இந்த வழியில நடக்காது.

இன்னொரு வழி, உங்க கம்பெனியே உங்களுக்கு எம்ப்ளாய்மென்ட் பாஸ் கேட்கறது. 2025 ஜனவரியிலிருந்து அதுக்குக் குறைஞ்சபட்ச சம்பளம் மாசம் 5,600 டாலர், வயசு ஏற ஏற அதுவும் ஏறும், காம்பஸ்ல 40 பாயின்ட்டும் வேணும். வருஷத்துக்கு உங்க சம்பளம் மட்டுமே 67,200 டாலர். நம்ம உதாரணக் கம்பெனி சம்பாதிக்கறதே 50,000. ஏற்கனவே அங்க வேலை பார்க்கறவங்களும் கவனிங்க: இன்னொரு கம்பெனி கொடுத்த பாஸ்ல இருந்துகிட்டு பங்கு வெச்சிருக்கலாம், தனியா தொழில் நடத்த முடியாது.

அதனால என் கருத்து, 50,000 டாலர் அளவுல இங்கிருந்தே இன்வாய்ஸ் போடுங்க. உள்ளூர் கம்பெனியோடதான் ஒப்பந்தம் போடுவேன்னு க்ளையண்ட் எழுத்துல கேட்டாலோ, உங்க சம்பளத்தையும் தாண்டி லாபம் நிக்கற அளவுக்கு ஆர்டர் இருந்தாலோ சிங்கப்பூரை யோசிக்கலாம். அங்க வளரும்போது உள்ளூர் ஆளை எடுத்தா, 55 வயசு வரைக்கும் உள்ளவங்களுக்கு சம்பளத்துக்கு மேல 17% மத்திய சேமநிதிக்கு முதலாளி பங்கு. உள்ளூர் ஆளே இல்லாம எஸ் பாஸ்ல ஆள் எடுக்க முடியாது. விற்பனை வருஷத்துக்கு 10 லட்சம் டாலர் தாண்டினா 9% பொருள் சேவை வரிக்குப் பதிவு பண்ணணும்.

ஏற்கனவே ஆரம்பிச்சு, சும்மா கிடக்கா? தானா மூடிக்கும்னு விட்டுடாதீங்க. அக்ராவுல பெயர் நீக்கத்துக்கு விண்ணப்பம் போடணும், அதுக்கு முன்னாடி ஐராஸ் நிலுவை எதுவும் இருக்கக்கூடாது. இங்க பேங்க்ல யூஐஎன் வாங்கியிருந்தா அங்கயும் முதலீடு முடிஞ்சதுன்னு சொல்லணும். எஃப்ஏ காலண்டர் வருஷக் கணக்கு. அதனால ஜனவரியில மூடியிருந்தாலும் அந்த வருஷத்துக்கு ஒரு தடவை அதைக் காட்டியே ஆகணும்.