உங்களுக்குத் தெரியுமா? உள்ளங்கால் மச்சமும் மரபணுவும்

உள்ளங்கை, உள்ளங்கால் மச்சங்கள் பெரும்பாலானவற்றில், செல்லைப் பெருகத் தூண்டும் ‘பிராஃப்’ மரபணு பிறழ்ந்திருக்கிறது. அது உருவாக்கும் புரதத்தின் 600ஆம் இடத்தில், வேலின் என்ற அமினோ அமிலத்திற்குப் பதிலாகக் குளுட்டாமிக் அமிலம் அமர்ந்துவிடுகிறது. எனினும் நிறமிச் செல்கள் சிறிது காலம் பெருகிப் பின்னர் தாமாகவே ஓய்ந்துவிடுவதால், இப்பிறழ்வு மட்டுமே புற்றுநோயை உண்டாக்குவதில்லை. வியப்பு என்னவெனில், இதே இடங்களில் தோன்றும் நிறமிச் செல் புற்றுநோயான மெலனோமாவில் இப்பிறழ்வு குறைவாகவே காணப்படுகிறது. அங்கே ‘கிட்’ முதலிய வேறு மரபணுக்களும் பிறழ்ந்திருக்கலாம். இசைக்கலைஞர் பாப் மார்லி 1981இல் இறந்தது கால்விரலில் தொடங்கிய இவ்வகைப் புற்றால்தான். இந்தியரிடையே மெலனோமா அரிது. ஆயினும் தோலில் வரும்போது பாதத்திலேயே மிகுதியாக வருவதால், கோவை வட்டாரத் தோட்டங்களில் வெறுங்காலுடன் உழைப்போர், உள்ளங்காலில் புதிதாகத் தோன்றிப் பெரிதாகும் கரும்புள்ளியை முள் குத்திய தழும்பென்று விட்டுவிடாமல் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.