படிப்பும் பணியும் இரண்டல்ல

ஜூன், ஜூலைத் திங்கள்களில் கல்லூரிகள் திறக்கும்போது நம் பங்குகளில் ஒரே பேச்சுத்தான். எந்தப் பாடம் கிடைத்தது, எந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தது, விடுதிக் கட்டணம் எவ்வளவு, படித்து முடித்தால் வேலை கிடைக்குமா? ஞாயிறு பூசை முடிந்து கோயில் முற்றத்தில் நிற்கும் பெற்றோரின் வினாக்கள் இவையே. இவை தவறென்று நாம் சொல்லமாட்டோம். தாயின் நகை அடகில் இருக்கும்போது மகனின் வேலையைப் பற்றி எண்ணாத வீடு ஏது? ஆயினும், 18 வயதில் வீட்டைவிட்டுப் புறப்படும் நம் பிள்ளை 21 வயதில் எத்தகைய மனிதனாகத் திரும்பி வருவான் என்ற வினாவை யாரும் கேட்கக் காணோம்.

"படிக்கிற காலத்தில் படிப்பு மட்டும் போதும், சாமி, பொதுச் சேவையெல்லாம் வேலைக்குப் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று நம்மிடம் சொல்லும் தந்தையர் பலர். பிள்ளைகளும் அவ்வாறே எண்ணப் பழகிவிடுகின்றனர். தன்னை வளர்த்துக்கொள்வது ஒரு குறிக்கோள், சமுதாயத்துக்கு உழைப்பது வேறொரு குறிக்கோள், முன்னது இப்போது, பின்னது எப்போதோ என்று வாழ்க்கையை இரண்டாகப் பங்கிட்டுக்கொள்கின்றனர். இப்பங்கீடு சரிதானா?

நம் பங்குகள் பலவற்றில் புனித வின்சென்ட் தே பவுல் சபை இயங்கி வருகிறது. ஏழைக்கு அரிசியும் நோயாளிக்கு மருந்தும் ஏந்திச் செல்லும் அச்சபையினரைப் பார்த்தால் பெரும்பாலும் தலை நரைத்தவர்களாகவே இருப்பார்கள். ஓய்வு பெற்றோர்க்கென்றே ஏற்பட்ட சபை இது என்று இளைஞர் நினைப்பதில் வியப்பில்லை. ஆனால் அதைத் தொடங்கியவர்கள் கல்லூரி மாணவர்கள். அவர்களுள் முதன்மையானவர் தொடக்கக் கூட்டம் நடந்த நாளில்தான் தம் 20ஆம் வயதை நிறைவு செய்தார். அவரே பிரெடெரிக் ஓசானாம்.

பாரிஸ் சென்ற மாணவர்

ஓசானாம் 1813ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் மிலான் நகரில் பிறந்து, பிரான்சு நாட்டின் லியோன் நகரில் வளர்ந்தவர். தந்தை மருத்துவர், ஏழைகளுக்கு இலவசமாக மருத்துவம் செய்தவர். மகனின் நெஞ்சம் இலக்கியத்தை நாடியது; தந்தையோ அவர் சட்டம் படிக்க வேண்டுமென விரும்பினார். மகன் கீழ்ப்படிந்தார், ஆனால் இலக்கியத்தையும் கைவிடவில்லை.

அவருடைய குறிக்கோள்கள் சிறியன அல்ல. பழைய நாகரிகங்களின் நம்பிக்கைகளையெல்லாம் ஆராய்ந்து, கிறிஸ்தவ மறையின் உண்மையை விளக்கும் பெருநூல் ஒன்று எழுத வேண்டும். அதற்காகப் பல மொழிகளைக் கற்க வேண்டும். முப்பத்தைந்து வயதில் எழுத வேண்டிய நூலுக்குப் பதினெட்டு வயதிலேயே ஆயத்தம் செய்ய வேண்டும் என்று 1831ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நண்பர்களுக்கு எழுதினார். நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் இவ்வளவு தொலைவு பார்க்கின்றனர்?

அவ்வாண்டின் இறுதியில் அவர் பாரிஸ் பல்கலைக்கழகம் சென்றார். 1830ஆம் ஆண்டுப் புரட்சி முடிந்திருந்த காலம் அது. திருச்சபையை ஏளனம் செய்வது கற்றவரிடையே நாகரிகமாயிருந்தது. தனிமை அவரை வாட்டியது. நம் பிள்ளைகள் விடுதி அறையில் முதல் மாதத்தில் படும் துயரத்தை அவரும் பட்டார். அந்நாளில் அவரைத் தம் இல்லத்தில் தங்கவைத்துத் தந்தைபோல் பேணியவர் அறிஞர் ஆம்பியர். மின்னோட்டத்தை அளக்கும் அலகுக்கு இன்று வழங்கும் பெயர் அவருடையதே. மனம் சோர்ந்து கோயிலுக்குள் நுழைந்த ஓசானாம், அங்கே அப்பேரறிஞர் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லக் கண்டு திடம்பெற்றார் என்று சொல்வார்கள். அறிவும் பக்தியும் ஒரே நெஞ்சில் குடியிருக்க முடியும் என்பதற்கு வேறு சான்று அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

ஒரு சக மாணவரின் வினா

வகுப்பில் பேராசிரியர் ஒருவர் இறை வெளிப்பாட்டை மறுத்துப் பேசியபோது, ஓசானாமும் நண்பர்களும் 1832இல் தங்கள் மறுப்பை எழுதிக் கொடுத்தனர். வரலாறு, மெய்யியல், இலக்கியம் பற்றி மாணவர் சொற்போரிடும் கழகம் ஒன்றும் நடந்தது. அங்கே ஓசானாம் நாவன்மையுடன் வாதாடினார்.

ஒரு நாள், சென் சிமோன் என்பவரின் சமுதாயக் கொள்கையைப் பின்பற்றிய மாணவர் ஒருவர் எழுந்து கேட்டார். கிறிஸ்தவம் கடந்த காலத்தில் அருஞ்செயல்கள் புரிந்தது உண்மைதான். ஆனால் கத்தோலிக்கர் என்று பெருமை பேசும் நீங்கள் இன்று ஏழைகளுக்காக என்ன செய்கிறீர்கள் என்பதே அவருடைய வினா. 1832இல் பாரிசில் பரவிய காலரா 18,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிருந்தது. குறுகிய சந்துகளில் நெருங்கி வாழ்ந்த ஏழைகளுக்கே அந்நோயால் பெருந்துன்பம்.

அவ்வினாவுக்கு ஓசானாமிடம் சொற்களுக்குப் பஞ்சமில்லை. எனினும் இதற்குரிய விடை சொல்லன்று, செயலே என்பதை அவர் உணர்ந்தார். தாமும் இன்னொரு மாணவரும் தங்களிடம் இருந்த விறகை ஓர் ஏழைக் குடும்பத்துக்குச் சுமந்து சென்றதாகக் கூறுவர். 1833 ஏப்ரல் 23ஆம் நாள் ஆறு மாணவர்கள் எம்மானுவேல் பையி என்ற பத்திரிகையாளரின் அலுவலகத்தில் கூடினர். அவர்தாம் அக்கூட்டத்தின் தலைவர். ஏறத்தாழ நாற்பது வயதினர். எழுவராகத் தொடங்கிய அந்தக் கூட்டமே பின்னர் வின்சென்ட் தே பவுல் சபையாயிற்று.

வாரம் ஒரு வீடு

அவர்கள் பெருந்திட்டம் எதுவும் தீட்டவில்லை. வாரம் ஒருமுறை கூடுவது, செபம் சொல்லி ஆன்மிக நூல் வாசிப்பது, யார் எவ்வளவு இட்டார் என்று தெரியாதபடி காணிக்கை சேர்ப்பது, ஏழைகளை அவர்கள் வீட்டிலேயே சென்று காண்பது, இவ்வளவே அவர்கள் முறை. அரசியல் பேச்சுக்கு அங்கே இடமில்லை.

எந்த வீட்டுக்குப் போவது? அதை அவர்கள் தாமே முடிவு செய்யவில்லை. மூஃப்தார் தெருப் பகுதியில் நெடுங்காலம் ஏழைகளிடையே உழைத்த அருட்சகோதரி ரோசலி ரெந்துவை அணுகினர். அவரே குடும்பங்களைக் காட்டினார். தொடக்கத்தில் உணவுச் சீட்டுகளையும் கொடுத்து உதவினார். ஏழைகளிடம் பொறுமையாயிருங்கள், அவர்களைத் தீர்ப்பிடாதீர்கள், அவர்களைச் சந்திக்கச் செலவிடும் நேரத்தை வீண் என்று எண்ணாதீர்கள் என்று அந்த இளைஞர்களுக்குக் கற்பித்தார். சட்டக் கல்லூரியில் இல்லாத பாடத்தைக் கற்பித்த ஆசிரியை அவர்.

1834ஆம் ஆண்டு முடிவதற்குள் உறுப்பினர் ஏறத்தாழ நூறு பேர் ஆயினர். கூட்டத்தைப் பல கிளைகளாகப் பிரிக்கலாம் என்று ஓசானாம் சொன்னபோது, நட்பு குலைந்துவிடும் என்று சிலர் கண்கலங்கி எதிர்த்தனர். ஆயினும் பிரித்தார்கள், பிரித்ததனாலேயே சபை பெருகி உலகெங்கும் பரவியது.

எது வளர்ந்தது?

இப்பணியால் அவருடைய படிப்பு கெட்டதா? 1836இல் சட்டத்திலும், 1839இல் இத்தாலியக் கவிஞர் தாந்தேயைப் பற்றிய ஆய்வுக்காக இலக்கியத்திலும் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் சார்போனில் பேராசிரியரானார்.

இதனினும் முக்கியமான ஒன்று உண்டு. லியோன் நகரில் வணிகச் சட்டம் கற்பித்தபோது, தொழிலாளியை வெறும் கருவியாக நடத்தும் முதலாளியைக் கண்டித்து, நியாயமான கூலியைப் பற்றி அவர் விரிவுரை ஆற்றினார். தொழிலாளர் நிலைபற்றித் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1891இல் திருமடல் வெளியிடுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன் நிகழ்ந்தது இது. அத்தெளிவை அவருக்குத் தந்தது நூலகம் மட்டுமா? வாரந்தோறும் ஏறிய ஏழைகளின் மாடிப்படிகளும் அன்றோ? அறிவு அவருடைய பணிக்கு வழிகாட்டியது. பணி அவருடைய அறிவுக்குக் கண் கொடுத்தது.

18 வயதில் கனவு கண்ட பெருநூலை அவர் எண்ணிய வடிவில் எழுதி முடிக்கவில்லை. 1853இல், 40 வயதிலேயே இறைவனடி சேர்ந்தார். எழுதி வைத்த குறிக்கோள் நிறைவேறாமற்போனது. வாரந்தோறும் செய்த சிறு பணியோ நிலைத்து நின்றது. 1997 ஆகஸ்டு 22ஆம் நாள், உலக இளையோர் பாரிசில் கூடியிருந்த வேளையில், திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அவரை அருளாளராக உயர்த்தினார்.

நம் பிள்ளைகளுக்கு

கல்லூரி செல்லும் மகனே, மகளே! உன் குறிக்கோள்களை எழுதும் ஏட்டில் தன் வளர்ச்சிக்கு ஒரு பக்கம், சமுதாயத்துக்கு ஒரு பக்கம் என்று ஒதுக்காதே. நீ கற்கும் பாடம் யாருடைய துன்பத்தைத் தீர்க்கும் என்று கேட்டு, இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுது. கணக்குப் படிப்பவன் தோற்றுப்போன பள்ளிச் சிறுவனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கலாம். சட்டம் படிப்பவள் எழுதத் தெரியாத விதவைக்கு உதவித்தொகை விண்ணப்பம் எழுதித் தரலாம்.

நேரமில்லை என்று சொல்லாதே. நம் நாட்டில் 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் ஒரு மாணவரிடம் கேட்பது ஆண்டுக்கு 120 மணி நேரம். வாரத்துக்குப் பகிர்ந்தால் இரண்டரை மணி நேரம்கூட ஆகாது. சான்றிதழுக்காகச் சேருகிறவர்கள் உண்டு. நீ ஒரு வீட்டாரின் பெயரையும் துயரையும் அறிந்துகொள்வதற்காகச் சேர்.

தனியே போகாதே, ஒரு தோழரை உடன் அழைத்துக்கொள். சகோதரி ரோசலியைப் போல் அப்பகுதியை அறிந்த பெரியவர் ஒருவரிடம் கேட்டுப் போ. ஒரே நாளில் நூறு வீட்டுக்குச் செல்வதைவிட ஒரே வீட்டுக்கு நூறு முறை செல்வது மேல்.

பெற்றோரே! விடுமுறைக்கு வரும் பிள்ளையிடம் மதிப்பெண்ணைக் கேளுங்கள், அத்துடன், "அங்கே நீ யாருக்கு உதவுகிறாய்?" என்றும் ஒருமுறை கேளுங்கள். வின்சென்ட் தே பவுல் சபைப் பெரியோரே! அடுத்த கூட்டத்தில் உங்கள் அருகே ஒரு நாற்காலியை மாணவர் ஒருவருக்காகப் போட்டு வையுங்கள். அவர் அந்தச் சபைக்குப் புதியவர் அல்லர்; அதைத் தொடங்கியவர்களின் வாரிசு.