பிடியைக் கொஞ்சம் விடு, தம்பி

"மண் பாதையில் பத்து நிமிஷம் ஓட்டினால் போதும்ணா. முழங்கைக்குக் கீழே அப்படியே இறுகிப் போகுது. பிரேக்கை இழுக்க விரல் வர மாட்டேங்குது." எக்ஸ்பல்ஸ், ஹிமாலயன் மாதிரி வண்டி வாங்கிய பிள்ளைகள் உத்திரமேரூர் டீக்கடைகளில் கேட்கிற கேள்வி இது. கேட்ட கையோடு மருந்தையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்: "ஜிம்முக்குப் போய் கையை ஏத்திட்டா சரியாயிடும் இல்லண்ணா?" கேள்வி சரி, மருந்துதான் தப்பு. ஏன் என்று பொறுமையாகப் பார்ப்போம்.

குடித்து முடித்த டீ கிளாஸை இறுக்கிப் பிடி. இன்னொரு கையால் முழங்கைக்குக் கீழே உள்பக்கம் தொட்டுப் பார். சதை திரள்கிறதா? விரலை அழுத்தி மடக்குகிற பெரிய தசைகள் விரலுக்குள் இல்லை. அவை முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து தசைநாண்கள் மணிக்கட்டைத் தாண்டி விரல்களுக்குப் போகின்றன. கிளட்சை இழுப்பது, பிரேக்கைப் பிடிப்பது, குலுங்கும் ஹேண்டில்பாரை விடாமல் இருப்பது என்று எல்லா வேலையும் அந்த ஒரு சாண் சதையின் தலையில்தான் விழுகிறது.

அந்தச் சதையைச் சுற்றி மெல்லிய, ஆனால் அதிகம் விரியாத ஓர் உறை உண்டு. வேலை செய்யும்போது தசைக்குள் ரத்தம் கூடுதலாகப் பாயும். தசை ஐந்தில் ஒரு பங்கு வரைகூடப் பருக்கும். உறை அந்த அளவுக்கு இடம் கொடுக்காது. தைத்த கோணிப்பைக்குள் மேலும் மேலும் நெல்லைத் திணித்தால் மூட்டை எப்படி இறுகுமோ, அப்படி உள்ளே அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் ஏறினால் முதலில் நசுங்குவது சிரைகள், அதாவது ரத்தத்தைத் திருப்பி எடுத்துப் போகிற மெல்லிய குழாய்கள். தமனிகளில் அழுத்தம் அதிகம் என்பதால் அவை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். வருகிற ரத்தத்துக்குத் தடை இல்லை, போகிற ரத்தத்துக்கு வழி இல்லை. வலி, மரத்துப் போதல், கடைசியில் பிடி நழுவுதல். ரேஸ்காரர்கள் இதை 'ஆர்ம் பம்ப்' என்பார்கள்.

இது பலவீனத்தால் வருவதில்லை. 2021 மே மாதம் ஸ்பெயினின் ஹெரெஸ் மோட்டோ ஜிபி பந்தயத்தில் முன்னணியில் போய்க்கொண்டிருந்தார் ஃபாபியோ குவார்ட்டராரோ. வலது கை இறுகி, 13-வது இடத்துக்குச் சரிந்தார். உறையைக் கீறி இடம் உண்டாக்கும் அறுவை சிகிச்சையை உடனே செய்துகொண்டு திரும்பியவர், அந்த வருஷமே உலக சாம்பியன் ஆனார். 2015-ல் டானி பெட்ரோசாவும் இதே சிகிச்சைக்காக மூன்று பந்தயங்களை விட்டார். அவர்களுக்குக் கையில் வலு இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா? அவர்கள் ஓட்டுவது தார்ப்பாதையில், பயங்கர வேகத்தில். அங்கே வேறு வழியில்லாமல் கத்தி வைக்கிறார்கள். நமக்கு அதற்கு முன்னால் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது.

முதல் காரியம், வண்டியைக் கையால் பிடிப்பதை நிறுத்துவது. மோட்டோகிராஸ் பந்தய வண்டி ஏறக்குறைய 110 கிலோ. எக்ஸ்பல்ஸ் 200 நூற்றைம்பதைத் தாண்டும். நம் மாவட்டத்து ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ஆலை வைத்திருக்கிற ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் இருநூறை நெருங்கும். அத்தனை எடை சாலவாக்கம் பக்கத்துக் கல்குவாரிப் பாதையில் குதிக்கும்போது அதைக் கையால் அடக்க முடியாது. தொடையால்தான் முடியும்.

ஆக்ஸிலேட்டரைத் திருகினால் வண்டி முன்னால் போகும், உடம்பு பின்னால் போகும். முழங்கால் டேங்கைக் கவ்வியிருக்காவிட்டால் நீ ஹேண்டில்பாரில் தொங்குகிறாய். பிரேக் அடித்தால் உடம்பு முன்னால் சரியும். அப்போது உன் எடை முழுக்க உள்ளங்கையில் இறங்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் இந்த இரண்டும் மாறி மாறி நடக்கிறது. அதனால் கரடுமுரடான இடத்தில் எழுந்து நில். பாதத்தின் நடுவோ முன்பகுதியோ ஃபுட்ரெஸ்டில் இருக்கட்டும். முழங்கால் லேசாக மடங்கி டேங்கைப் பிடிக்கட்டும். இடுப்பிலிருந்து முன்னால் குனி. முழங்கை வெளிப்பக்கம் விரிந்திருக்கட்டும். வேகம் எடுக்கும்போது உடம்பை முன்னால் கொண்டு போ, பிரேக்குக்கு இடுப்பைப் பின்னால் தள்ளு.

சரியாக நிற்கிறாயா என்று பார்க்க ஒரு வழி. வண்டியை நிறுத்தி, முன்பக்கம் ஒரு நண்பனைப் பிடித்துக்கொள்ளச் சொல். ஃபுட்ரெஸ்டில் நின்று இரண்டு கையின் விரல்களையும் திற. பின்னால் சாய்ந்தால் இதுவரை தொங்கிக்கொண்டிருந்தாய் என்று அர்த்தம். சாயாமல் நிற்கிற இடம் கிடைக்கும்வரை இடுப்பை நகர்த்து. அந்த நிலையை உடம்பு மனப்பாடம் செய்ய வேண்டும்.

ஷொர்ணூர்க்காரர் ஹரித் நோவாவைத் தெரியுமா? ஷெர்கோ டிவிஎஸ் அணிக்காக 2024 டக்கார் ராலியில் ஓட்டி, மொத்தத்தில் 11-வதாகவும் ராலி 2 பிரிவில் முதலாவதாகவும் வந்தார். சவூதிப் பாலைவனத்தில் இரண்டு வாரம், நாளுக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். பிடிவலுவை மட்டும் நம்பி யாராலும் அப்படி ஓட்ட முடியாது. டக்கார் வீடியோக்களில் வண்டியைப் பார்க்காதே, ஓட்டுகிறவர்களின் முழங்காலைப் பார்.

அடுத்து வண்டி. ஷோரூமிலிருந்து வரும்போது லீவர்கள் பெரும்பாலும் உட்கார்ந்து ஓட்டத் தோதாக இருக்கும். நின்று ஓட்டினால் மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கும். மடங்கிய மணிக்கட்டுக்குப் பிடிக்கவே கூடுதல் பலம் வேண்டும். போல்ட்டைத் தளர்த்தி, முன்கையும் மணிக்கட்டும் ஒரே கோட்டில் வரும்வரை லீவரைக் கீழே இறக்கு. கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒரு விரல், மிஞ்சினால் இரண்டு விரல். கிளட்ச் கேபிள் காய்ந்திருந்தால் எண்ணெய் விடு. இந்தப் புழுதியில் அது சீக்கிரம் கனக்கும். முன் ஃபோர்க் ஆயில் பழசாகியிருந்தால் மாற்று. டயரில் தார்ச்சாலைக்கான காற்றை வைத்துக்கொண்டு கல்லில் ஏறினால் ஒவ்வொரு கல்லும் கைக்கு வரும். கொஞ்சம் குறைக்கலாம். ரொம்பக் குறைத்தால் டியூப் நசுங்கிப் பஞ்சராகும், ரிம்மும் அடிபடும். தார்ச்சாலைக்குத் திரும்புமுன் மறுபடி நிரப்பிவிடு.

பலருக்குக் கை இறுகுவது முதல் சில நிமிடங்களில்தான். உடம்பு சூடாகவில்லை, மனசில் படபடப்பு, மூச்சை அடக்கிக்கொண்டு ஹேண்டிலை நெரிக்கிறார்கள். கிளம்பியதும் பத்து நிமிடம் மெதுவாக ஓட்டு. நேரான இடம் வரும்போதெல்லாம் ஒரு நீளமான மூச்சை விட்டு, பிடியைத் தளர்த்து. மணிக்கட்டு வார் இறுக்கமான கிளவுஸும் முன்கையைக் கவ்வும் சட்டைக்கையும் வேண்டாம். சித்திரை வெயிலில் போவதானால் தண்ணீரும் உப்புப் போட்ட மோரும் முன்கூட்டியே குடி. வறண்ட தசை சீக்கிரம் களைக்கும்.

இப்போது அந்த ஜிம் விஷயம். கையால் அமுக்குகிற ஸ்பிரிங்கை நாளெல்லாம் அமுக்கினால் தசை பெருக்கும், உறை அப்படியேதான் இருக்கும். அதைவிட பஸ்கி எடு. தொடையும் இடுப்பும் முதுகும் களைக்காமல் இருந்தால்தான் கைக்கு ஓய்வு. தொடை களைத்த நிமிடத்தில் நீ உட்கார்ந்துவிடுவாய். உட்கார்ந்ததும் மறுபடி ஹேண்டிலைப் பிடித்துத் தொங்குவாய்.

சாதாரண இறுக்கம் வண்டியை நிறுத்திக் கையை உதறி ஓய்வெடுத்தால் தணிந்துவிடும். இவ்வளவும் செய்த பிறகும் ஒவ்வொரு முறையும் விரல் மரத்தால் எலும்பு, தசை மருத்துவரைப் பார். ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் தசைக்குள் அழுத்தத்தை ஊசி வைத்து அளக்க அவர்களுக்கு வழி இருக்கிறது. கீழே விழுந்தோ அடிபட்டோ கை வீங்கி இறுகி, விரலை நீட்டினாலே உயிர் போகிற வலி என்றால் அது வேறு கதை. வீட்டில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்காராதே. சில மணி நேரத்தில் தசையே அழிந்துவிடலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போ.

இது விளையாட்டுக்கு ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் சொல்வதும் இல்லை. பால் கேனோடு குண்டும் குழியுமான பாதையில் எக்ஸ்எல் ஓட்டுகிறவருக்கும், நாளெல்லாம் பவர் டில்லர் பிடிக்கிறவருக்கும் அதே முன்கை, அதே உறை. அவர்களும் இறுக்கிப் பிடிக்காமல் அவ்வப்போது நிறுத்திக் கையை உதறினால் மாலையில் சோற்றைப் பிசையக் கை வரும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதே. எது உதவியது என்று தெரியாமல் போகும். ஒரே பாதையை எடுத்துக்கொள். முதல் வாரம் முழங்கால் மட்டும், அடுத்து லீவர், அப்புறம் டயர் காற்று. ஓட்டிவிட்டு வந்த அன்று ராத்திரி எங்கே வலிக்கிறது என்று கவனி. முன்கை வலித்தால் இன்னும் தொங்குகிறாய். தொடை வலித்தால் சரியாக ஓட்ட ஆரம்பித்துவிட்டாய்.