திருப்பி அனுப்பும் பொட்டலமும் ஊரார் கேள்வியும்

மலாக்கா மாநிலத்தின் சிறு பட்டணம் ஒன்றில், சென்ற ஆண்டு ஒரு திங்கட்கிழமைக் காலையில், அஞ்சலக வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஓர் அம்மையாரின் நினைவு இன்னமும் என் மனத்தை விட்டு அகலவில்லை. அறுபது வயதிருக்கும், செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கிக் காய்த்துப்போன கைகளால், பழுப்புத்தாள் சுற்றிய ஒரு பொட்டலத்தை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டிருந்தார். அவர் முறை வந்ததும், முகப்பிலிருந்த மலாய் இளைஞர், வருவோர் எல்லோரையும் கேட்பது போலவே, "டாலம் நி அபா, மக்சிக்?" என்று, உள்ளே இருப்பது என்ன என்பதை மரியாதையாகவே கேட்டார். அம்மையார் விடை சொல்லத் தயங்கிய அந்தக் கணத்தில், பின்னால் நின்ற மற்றொரு பெண்மணி, அதே தோட்டத்துக்காரர் போலும், "என்னாக்கா, திருப்பி அனுப்புறீங்களா? அப்படி என்னத்த வாங்குனீங்க?" என்று உரிமையோடு வினவினார். அம்மையாரின் முகம் வாடிற்று. "ஒண்ணுமில்ல தங்கச்சி, அப்புறம் வந்து போட்டுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, பொட்டலத்தோடு வெளியே போய்விட்டார்.

பேருந்து நிறுத்தத்தில் அவரை மீண்டும் கண்டேன். முன்பின் அறியாதவரிடம் சொல்வது சில வேளைகளில் உற்றாரிடம் சொல்வதைக் காட்டிலும் எளிதாக இருக்கிறது. பேருந்து நெடுநேரம் வராமற்போகவே, அவராகவே விஷயத்தைச் சொன்னார். முப்பது ஆண்டுகள் பழக்குலை வெட்டிச் சுமந்த அவருடைய கணவருக்குக் குடலிறக்கம் கண்டிருக்கிறது. கோலாலம்பூரில் வேலை செய்யும் மகள், அதற்குரிய இடுப்புப் பட்டையை இணையக் கடையில் வரவழைத்துக் கொடுத்திருக்கிறாள். வந்தது சிறிய அளவு. விற்றவரும் திருப்பி எடுத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார். அதற்குக் கடைசி நாள் அன்றுதான். "எம்பது வெள்ளி போனாப் போவுதுங்க ஐயா. நாளைக்குப் பெரட்டு முடியறதுக்குள்ள வீட்டுக்காரரோட சங்கதி தோட்டம் பூராவும் போயிரும். அதத்தான் தாங்க முடியாது" என்றார். பெரட்டு என்பது தோட்டத்தில் காலையில் நடக்கும் ஆள் கணக்கெடுப்பு.

ஒரு நாள் கூலிக்கும் மேற்பட்ட ஒரு தொகையை, எந்தக் குற்றமும் செய்யாத ஒரு குடும்பம், ஒரு கேள்விக்கு அஞ்சி இழந்துவிட்டது என்பதை எண்ண எண்ண, இதைப் பற்றி விரிவாக எழுதவேண்டும் என்ற எண்ணம் எனக்கு வலுத்தது. உள்ளாடை, மூல நோய்க்கான இருக்கை மெத்தை, முதியோருக்கான அணையாடை, தாய்ப்பால் இறைக்கும் கருவி, மாதவிடாய்க்குரிய பொருள்கள், பொய்முடி என்று, வீட்டில் உள்ளவர்களிடமே மெல்லப் பேசக்கூடிய சாமான்களை நாம் இன்று தபால் வழியாக வாங்குகிறோம். அவை அளவு தவறியோ பழுதுபட்டோ வரும்போதுதான் சங்கடம் ஆரம்பமாகிறது.

நம் மக்கள் இப்படிக் கூசுவதற்கும், அக்கம்பக்கத்தார் இப்படிக் கேட்பதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1896ஆம் ஆண்டில் டான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டு, மலாயாவில் அதை வாணிபப் பயிராகத் தொடங்கிவைத்தது இந்த மலாக்கா மண்ணிலேதான். அதனையடுத்து எழுந்த தோட்டங்களில், தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்த நம் முன்னோர், ஒரே கூரையின் கீழ்ச் சுவரைப் பகிர்ந்துகொள்ளும் லயத்து வீடுகளில் குடியமர்த்தப்பட்டார்கள். கடிதமும் பொட்டலமும் லயத்து வாசலுக்கு வருவதில்லை. தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். கிராணி எனப்படும் தோட்டத்து எழுத்தர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். எழுத்தறியாதவர்களுக்கு அவரோ பள்ளி வாத்தியாரோ கடிதத்தைப் படித்துச் சொல்லுவார். ஊரிலிருந்து வந்த செய்தி, உரியவர் காதில் விழும்போதே இன்னும் நான்கு பேர் காதிலும் விழுந்துவிடும்.

ஆனால் அந்த வாழ்க்கையில் கேள்வி என்பது வம்புக்காக மட்டும் பிறந்ததன்று. "என்ன கறி இன்னிக்கி?" என்று பலகைச் சுவருக்கு அப்பாலிருந்து கேட்ட அதே குரல்தான், காய்ச்சல் கண்ட நாளில் கஞ்சி கொண்டுவந்தது, பிரசவத்துக்குத் துணை நின்றது, சாவு வீட்டில் அடுப்பெரித்தது. மருத்துவரும் உறவினரும் தொலைவில் இருந்த இடத்தில், ஒருவர் சங்கதியை எல்லோரும் அறிந்திருந்ததே எல்லோருக்கும் பாதுகாப்பாயிற்று. பின்னாளில் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டும், ரப்பர் போய்ச் செம்பனை வந்தும், பிள்ளைகள் ஜாசின், அலோர் காஜா, ஆயர் குரோ முதலிய இடங்களின் தாமான்களுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிகளுக்கு, குடிபெயர்ந்தும், அந்தக் கேட்கும் பழக்கம் மாத்திரம் மாறவில்லை. ஆகையால், கேட்பவரைப் பகைவராகக் கருதவேண்டியதில்லை. அதே சமயம், அவருக்கு எல்லாவற்றையும் சொல்லியாகவேண்டும் என்ற கட்டாயமும் நமக்கில்லை.

இந்த விஷயத்தில் மனத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வதற்கு ஒரே ஒரு விசாரணை போதும்: கேட்பவர் யார், எந்த உரிமையைக் கொண்டு கேட்கிறார்? அவருடைய உரிமை எவ்வளவோ அவ்வளவே நமது விடையும் இருக்கவேண்டும்.

முதலாவதாக, அஞ்சலக உத்தியோகஸ்தரும் கூரியர் முகவரும் கேட்கிறார்கள். அவர்கள் கேள்வியின் நோக்கம் நம்முடைய அந்தரங்கம் அன்று, பொட்டலத்தின் பத்திரம். தீப்பற்றும் திரவமும், வாசனைத் தைலமும், சேதமுற்றால் தானாகவே எரியக்கூடிய லித்தியம் மின்கலமும் வாகனத்துக்கும் விமானத்துக்கும் ஆபத்து விளைவிக்கக்கூடியவை. ஆகவே பொருளின் இனத்தைச் சொன்னால் அவருக்குப் போதும். உள்ளாடையானால் "பக்காயான்", அதாவது துணிமணி. இடுப்புப் பட்டையோ இருக்கை மெத்தையோ ஆனால் "அலாட் கெசிஹாத்தான்", அதாவது சுகாதாரச் சாதனம். இரண்டும் உண்மை, இரண்டுமே எவருடைய உடம்பையும் சந்தியில் நிறுத்தாத வார்த்தைகள். தாய்ப்பால் இறைக்கும் கருவி போன்றவற்றில் மின்கலம் இருக்குமானால், "உள்ளே பேட்டரி உண்டு" என்பதைக் கேளாமலே சொல்லிவிடவேண்டும். கூச்சத்தின் காரணமாகப் 'புத்தகம்' என்றோ 'பலகாரம்' என்றோ பொய் எழுதுவது, பொட்டலம் தடுத்து நிறுத்தப்படுவதற்கும் இழப்பீடு கிடைக்காமற்போவதற்கும் இடங்கொடுக்கும். வெளிநாட்டுக்கு அனுப்புவதானால் சுங்கத்துக்குரிய சிறு படிவம் ஒன்றை ஒட்டவேண்டும். அதில் பொருளின் பெயரும் எடையும் மதிப்பும் துலக்கமாக இருத்தல் அவசியம். அந்தச் சந்தர்ப்பத்தில் வாயால் சொல்வதைவிட, வீட்டிலேயே எழுதிக்கொண்டு போய் நீட்டுவது சௌகரியம்.

இரண்டாவதாகக் கேட்பவர் விற்பனையாளர். இவருக்குக் காரணத்தை அறியும் நியாயமான உரிமை உண்டு. நம் நாட்டின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரமுடையதாயும், சொன்ன உபயோகத்துக்குப் பொருந்துவதாயும், விவரித்த வர்ணனைக்கு ஒத்ததாயும் இருக்கவேண்டும் என்று விதிக்கிறது. அப்படி இல்லாதபோது பொருளை நிராகரிக்கும் உரிமையை வழங்குகிறது. நிராகரிப்பவர் அதற்குரிய காரணத்தைத் தெரிவிக்கவும் சொல்கிறது. ஆயினும் அந்தக் காரணம் பொருளைப் பற்றியதாக இருந்தால் போதும். "எக்ஸெல் கேட்டேன், எம் வந்திருக்கிறது", "மூன்றாவது கொக்கி அறுந்திருக்கிறது", "கருவி உறிஞ்சவில்லை" என்று எழுதலாம். நோயின் வரலாற்றையோ பிரசவத்தின் கதையையோ எழுதவேண்டியதில்லை. இங்கே பெண்மக்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை: அளவு பொருந்தவில்லை என்பதற்குச் சான்றாக உடையை உடுத்திய படத்தை அனுப்பச் சொன்னால், ஒருபோதும் அனுப்பலாகாது. உடையைப் பாய்மேல் விரித்து, அளவுநாடாவைப் பக்கத்தில் வைத்து, விலைச்சீட்டு தெரியும்படி எடுத்த படமே போதிய சாட்சியமாகும்.

மனம் மாறிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காகப் பொருளைத் திருப்புவது இதனினும் வேறான விஷயம். இணைய வாணிபத்தில் அத்தகைய பொதுவான உரிமையை நம் நாட்டுச் சட்டம் வழங்கவில்லை. அது கடையின் நிபந்தனையைப் பொறுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011ஆம் ஆண்டின் விதி, தொலைவிலிருந்து வாங்கியவருக்கு 14 நாள் அவகாசம் தருகிறது. அங்கேயுங்கூட, சுகாதாரத்தை முன்னிட்டு முத்திரையிடப்பட்ட பொருளை, முத்திரை உடைத்த பிறகு திருப்ப இயலாது. ஆகவே உடம்போடு ஒட்டி உபயோகிக்கும் எந்தச் சாமானையும், உறையைப் பிரிக்குமுன் வெளியே அச்சிட்டுள்ள அளவைப் பார்த்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

விற்றவர் நியாயத்துக்கு இணங்கவில்லையானால், 'திரிபியூனல்' என்று நம்மவர் சொல்லும் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. ஐந்து ரிங்கிட் கட்டணத்தில் மனுச் செய்யலாம், 50,000 ரிங்கிட் வரையிலான வழக்கை அது விசாரிக்கும், காரணம் எழுந்த மூன்று ஆண்டுகளுக்குள் முறையிடவேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. அந்த எண்பது ரிங்கிட் பட்டைக்கும் அங்கே இடமுண்டு.

வெட்கத்தை மூலதனமாக வைத்தே வியாபாரம் செய்பவர்கள் எக்காலத்திலும் இருந்திருக்கிறார்கள் என்பதையும் இங்கே சொல்லியாகவேண்டும். இந்திய அஞ்சலில் 1877இல் வி.பி.பி. முறை வந்தது, பணத்தைக் கட்டிய பிறகே பொட்டலத்தைப் பிரிக்கமுடியும் என்ற அந்த ஏற்பாடு பல நல்ல வியாபாரங்களுக்கு உதவியது போலவே, ரகசிய வியாதிக்கு மருந்தென்று விளம்பரம் செய்தவர்களுக்கும் உதவியது. இந்தியாவில் 1954ஆம் ஆண்டின் சட்டமும், மலாயாவில் 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டமும் அத்தகைய விளம்பரங்களை அடக்குவதற்கென்றே பிறந்தன. இன்று அதே சரக்கு கைப்பேசியில் வருகிறது. ஆண்மைக்கென்றும் கர்ப்பத்துக்கென்றும் விற்கப்படும் மருந்தின் உறையில், சுகாதார அமைச்சின் பதிவைக் காட்டும் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் எண் இல்லையானால், அதைத் திருப்பி அனுப்பிப் பணத்தை வாங்கிக்கொண்டதோடு காரியம் முடிந்துவிட்டதாக எண்ணாமல், அமைச்சின் மருந்தக அமலாக்கப் பிரிவுக்குத் தெரிவிப்பது நமது கடமை. வெட்கப்பட்டு நாம் மௌனமாயிருக்கும்வரை, அடுத்த வீட்டுக்காரரும் அதே சரக்கை வாங்குவார்.

மூன்றாவதாகக் கேட்பவர்கள் அண்டை அயலார், தோட்டத்துக் காவற்காரர், வரிசையில் நிற்பவர், சில வேளைகளில் நம் சொந்த மாமியார். இவர்களுக்கு அன்பின் உரிமை உண்டு. விவரத்தின் உரிமை இல்லை. உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூடமுடியாது என்பது பழமொழி. மூடவேண்டியதுமில்லை, புன்முறுவலோடு வேறு பக்கம் திருப்பிவிட்டால் போதும். "சைஸ் சரியில்ல அக்கா, மாத்தி வாங்கறேன். பொண்ணுக்குப் பரீட்சை முடிஞ்சிருச்சா?" என்று சொன்னால், பதிலும் ஆயிற்று, பேச்சும் அவர்கள் வீட்டுக்குப் போயிற்று. மேலும் வற்புறுத்தினால், "வீட்டுச் சாமான்தான் அண்ணே" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். திகைத்து நிற்பதுதான் ஊகத்துக்கு வித்தாகிறது. ஆயத்தமாய் வைத்திருக்கும் ஒரு சிறு வாக்கியம் அந்த வித்தை முளைக்கவிடாது.

பொட்டலம் கட்டும் முறையிலும் கவனம் வேண்டும். கடையின் பெயரும் படமும் அச்சிட்ட பெட்டியைப் பழுப்புத்தாளாலோ கறுப்பு உறையாலோ முழுவதும் மூடிவிடலாம். விற்பனையாளர் அனுப்பும் திருப்பு முகவரிச் சீட்டை, வீட்டிலோ பிள்ளைகளின் உதவியோடோ அச்செடுத்து ஒட்டிக்கொண்டு போனால், முகப்பில் பேச்சு மிகவும் குறையும். கட்டும்போது கைப்பேசியில் ஒரு சலனப்படம் எடுத்து வைப்பதும், எண் பொறித்த ரசீதைப் பணம் திரும்பும்வரை பத்திரப்படுத்துவதும், பின்னால் வழக்கு வந்தால் கைகொடுக்கும். கூட்டம் குறைந்த வேளை பார்த்துப் போகலாம். வீட்டுக்கே வந்து எடுத்துச் செல்லும் கூரியர் இருக்கும் தாமான்களில் அதையே நாடலாம்.

திருக்குறளில் நாணுடைமை என்று தனியாக ஓர் அதிகாரம் உண்டு. தகாத செயலைச் செய்ய நாணுவதையே வள்ளுவர் அங்கே உயர்த்திப் பேசுகிறார். உழைத்து உழைத்துக் குடல் இறங்கிய ஒரு மனிதருக்குப் பட்டை வாங்குவதிலும், பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பால் இறைக்கும் கருவி வாங்குவதிலும், படுக்கையில் கிடக்கும் தகப்பனாருக்கு அணையாடை வாங்குவதிலும் நாணத்தக்கது என்ன இருக்கிறது? இழிவு ஏதேனும் உண்டானால், அது பழுதான பொருளை விற்று, வாங்கியவர் வாய்திறக்கமாட்டார் என்று நம்பியிருப்பவனுடையது.

கடைசியாக, வரிசையில் பின்னால் நிற்பவர்களாகிய நமக்கு ஒரு விண்ணப்பம். லயத்து வாழ்க்கை நமக்குக் கற்றுத் தந்த பரிவை விட்டுவிடவேண்டாம். அந்தப் பரிவைக் கேள்வியால் மட்டுமே காட்டமுடியும் என்ற எண்ணத்தை விட்டுவிடுவோம். கையில் பொட்டலத்தோடு ஒரு தாய் நிற்கக் கண்டால், உள்ளே இருப்பது என்ன என்று கேளாமல், "பாரமா இருக்கா அக்கா, நான் பிடிச்சுக்கவா?" என்று கேளுங்கள்.