தனிநபர் உளச்சிகிச்சை

தனிநபர் உளச்சிகிச்சை என்பது மனத்துயரில் இருக்கும் ஒருவரும் பயிற்சி பெற்ற உளச்சிகிச்சையாளர் ஒருவரும் தனியே சந்தித்து, தொடர்ந்து உரையாடுவதன் மூலம் நடைபெறும் சிகிச்சை முறை ஆகும். மனச்சோர்வு, பதற்றம், இழப்பின் துயர், உறவுச் சிக்கல், பழைய அதிர்ச்சிகளின் பாதிப்பு போன்றவற்றுக்கு இது பயன்படுகிறது. நோய் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லாமல், தன்னைப் புரிந்துகொள்ள விரும்பி வருபவர்களும் உண்டு.

இதை அறிவுரை கூறுதல் என்று பலர் எண்ணுகின்றனர். துயரப்படுபவருக்கு வீட்டிலும் வெளியிலும் அறிவுரை நிறையவே கிடைக்கிறது. "இதற்கெல்லாமா அழுவது?", "எல்லாம் சரியாகிவிடும்" என்பவை அன்போடு சொல்லப்படுபவைதான். ஆனால் அவற்றைக் கேட்டவர் அதற்குமேல் பேசத் தயங்குவார். சிகிச்சையாளர் அந்தப் பேச்சு தொடர இடம் தருகிறார்.

தோற்றமும் வளர்ச்சியும்

வியன்னா மருத்துவர் யோசப் புரொயர் 1880 முதல் 1882 வரை இளம்பெண் ஒருவருக்குச் சிகிச்சை அளித்தார். தன் அனுபவங்களைப் பேசியபோது நோய்க்குறிகள் தணிவதை உணர்ந்த அப்பெண்ணே இம்முறையைப் 'பேச்சுவழிக் குணமாக்கல்' என்று அழைத்தார். புரொயரும் சிக்மண்ட் பிராய்டும் 1895இல் இதை நூலில் பதிவு செய்தனர். அப்பெண் உடனே முழுமையாகக் குணமடைந்துவிடவில்லை. 1882இல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பெர்த்தா பாப்பன்கைம் என்ற அவர் பிற்காலத்தில் செருமனியின் குறிப்பிடத்தக்க சமூகப் பணியாளராக விளங்கினார்.

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1942இல் வெளியிட்ட நூலில், உதவி நாடி வருபவரை 'நோயாளி' என்று அழைக்கும் வழக்கத்திலிருந்து விலகினார். ஒத்துணர்வு, நிபந்தனையற்ற ஏற்பு, சிகிச்சையாளரின் உண்மைத்தன்மை ஆகியவை மாற்றத்துக்கு அடிப்படை என்று 1957இல் எழுதினார். 1960களில் ஆரன் பெக், மனச்சோர்வு உள்ளவர்களிடம் தம்மைக் குறைத்து மதிப்பிடும் எண்ணங்கள் தாமாகவே எழுவதைக் கண்டு, அறிதல்சார் சிகிச்சையை உருவாக்கினார்.

நடைபெறும் முறை

பொதுவாக வாரம் ஒரு முறை, 45 முதல் 60 நிமிடங்கள் வரை அமர்வு நடைபெறும். முதல் அமர்வுகளில் பிரச்சினையின் வரலாறு கேட்டறியப்படும். எதை மாற்ற விரும்புகிறார் என்பதை இருவரும் சேர்ந்து முடிவு செய்வர்.

எடுத்துக்காட்டாக, தேர்வில் தோல்வியுற்ற ஒரு மாணவர் "நான் எதற்கும் லாயக்கில்லை" என்று எண்ணி, நண்பர்களையும் வகுப்பையும் தவிர்க்கிறார் எனக் கொள்வோம். தவிர்க்கத் தவிர்க்கத் தனிமை கூடுகிறது, பாடம் தவறுகிறது, அந்த எண்ணம் மேலும் உறுதிப்படுகிறது. சிகிச்சையாளர் "அப்படி இல்லை" என்று மறுப்பதில்லை. அந்த எண்ணம் எப்போது எழுகிறது, அதற்கு ஆதாரம் என்ன, எதிரான ஆதாரம் உண்டா என்று கேட்கிறார். அடுத்த அமர்வுக்குள் ஒரு நண்பரிடம் பேசிப் பார்ப்பது போன்ற சிறு பணியை இருவரும் திட்டமிடுகின்றனர். நண்பர் இயல்பாகப் பேசினால், மாணவரின் எண்ணத்தை அவருடைய சொந்த அனுபவமே அசைக்கிறது.

இழப்பின் துயரில் அணுகுமுறை வேறு. இறந்தவர் மீதுள்ள கோபம், "நான் கவனித்திருக்க வேண்டும்" என்ற குற்றவுணர்ச்சி போன்றவற்றைக் குடும்பத்தாரிடம் சொல்வது கடினம். யாரும் தன்னைத் தவறாக எடைபோடாத இடத்தில் அவற்றைச் சொல்ல முடியும்போது, துயரத்தை ஒளித்துவைக்கும் சுமை குறைகிறது. இழப்பு மறைவதில்லை, அதனோடு வாழப் பழகுகிறார்.

தன்வளர்ச்சி

அமர்வுகளில் கற்ற பழக்கங்கள் சிகிச்சை முடிந்த பின்னும் உடன் வருகின்றன. தன் உணர்ச்சியைப் பெயரிட்டு அறிதல், மறுக்க வேண்டிய இடத்தில் மறுத்தல், உதவி கேட்டல் ஆகியவை அவற்றுள் சில. சிகிச்சையாளரின் தேவை படிப்படியாகக் குறைவதே சிகிச்சை பயன் தருவதன் அடையாளம்.

வரம்புகள்

வேதனையானவற்றைப் பேசுவதால் சில அமர்வுகளுக்குப் பின் மனம் மேலும் கனப்பதுண்டு. முதலில் சந்தித்த சிகிச்சையாளருடன் ஒத்துப்போகாவிட்டால் வேறொருவரை நாடலாம். கடுமையான மனநோய்களுக்கு மனநல மருத்துவரின் மருந்தும் தேவைப்படும். குடும்ப வன்முறை, வறுமை போன்ற புறக் காரணங்கள் இருக்கையில் உரையாடல் மட்டும் போதாது. சட்ட, சமூக உதவிகளும் வேண்டும்.

இந்தியாவில்

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறுபவரின் தகவல்கள் இரகசியமாகக் காக்கப்படுவதை உரிமையாக்கியுள்ளது. உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு நேரும் நிலை உள்ளிட்ட சில சூழல்களில் விலக்கு உண்டு. "வெளியே தெரிந்தால் என்ன ஆகும்?" என்று தயங்குவோர் இதை அறிந்திருப்பது நல்லது.

2022 அக்டோபர் 10இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம். தமிழிலும் பேசலாம். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கும், தற்கொலை எண்ணம் எழுபவர்களுக்கும் இது உடனடியாக எட்டக்கூடிய உதவியாகும்.