இயக்குநருக்குச் சொந்தமில்லாத படம்

ஒரு திரைப்படத்தின் ஆக்கியோன் யார்? மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இதற்குத் தரும் விளக்கத்தில் கதை எழுதியவரும் இல்லை, இயக்கியவரும் இல்லை. படம் உருவாவதற்கான ஏற்பாடுகளைச் செய்தவரே ஆக்கியோன். நடைமுறையில் அவர் தயாரிப்பாளர். படம் வெளியானதிலிருந்து 50 ஆண்டுகளுக்கு உரிமை அவருடையது. திரைக்கதை மட்டும் தனி எழுத்துப் படைப்பாகக் கருதப்படும். எழுதியவரின் ஆயுளுக்கும் அதன்பின் 50 ஆண்டுகளுக்கும் அதற்குப் பாதுகாப்பு உண்டு. ஆனால் அதே சட்டத்தின் 26ஆம் பிரிவு அங்கேயும் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. "இதை எழுதிக் கொடு" என்று ஒருவர் பணித்து எழுதியதாக இருந்தால், மாறாக ஒப்பந்தம் எதுவும் இல்லாதபோது, உரிமை பணித்தவருக்கே போய்விட்டதாகக் கொள்ளப்படும்.

சொந்தமாகப் படமெடுக்கக் கனவு காணும் இளைஞர்கள் பலரும் இதைக் கேள்விப்பட்டதில்லை. கேமரா வாங்குகிறார்கள், படத்தொகுப்பு கற்கிறார்கள், கல்யாண வீடியோ எடுத்துக் காசு சேர்க்கிறார்கள். ஒப்பந்தம் என்றால் மட்டும் "அண்ணன் நல்லவர், பார்த்துக்குவார்" என்று விட்டுவிடுகிறார்கள்.

சிம்பாங் ரெங்கம் போன்ற ஊரில் இந்தக் கனவு முளைப்பதில் வியப்பில்லை. செம்பனைக்கும் அன்னாசிக்கும் நடுவே, குளுவாங் மாவட்டத்தில் உள்ள சிற்றூர், கதைக்குப் பஞ்சமில்லை. நாட்டின் பிற பகுதியினருக்கு இந்தப் பெயரைச் சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது தடுப்பு முகாம்தான். 1969ஆம் ஆண்டு அவசரகாலச் சட்டத்தின்கீழ் வழக்கு விசாரணையே இல்லாமல் ஆட்களை அடைத்துவைத்த இடம். அவர்களில் தமிழ் இளைஞர்களும் இருந்தார்கள். அந்தச் சட்டத்தை நாடாளுமன்றம் 2011இல் நீக்கியது. பின்னர் 1959ஆம் ஆண்டுக் குற்றத்தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டு, விசாரணையின்றி இரண்டாண்டு வரை தடுத்துவைக்கும் அதிகாரம் 2014இல் மறுபடி நடைமுறைக்கு வந்தது. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள், தெருவில் சேர்ந்த கும்பல்கள், முகாமுக்குப் போன சித்தப்பா. இந்த ஊர்ப் பையன் ஒருவன் படமெடுத்தால் இதைத்தான் எடுப்பான். எடுக்கவும் வேண்டும். அது நல்ல படமாக அமைந்த பிறகு என்ன நடக்கும் என்பதே இங்கே பேச்சு.

மலேசியத் தமிழ்ச் சினிமாவில் இதற்கு முன்னோடிகள் உண்டு. தீபக் குமாரன் மேனன் 2005இல் 'செம்மண் சாலை' எடுத்தார். அறுபதுகளின் ரப்பர் தோட்டம், படிக்க ஆசைப்படும் ஒரு பெண். வெளிநாட்டுத் திரைப்பட விழாக்களில் அது மரியாதை பெற்றது. 2007இல் அவருடைய 'சலங்கை' வந்தது. சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' 2015 டிசம்பரில் திரைக்கு வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தோட்டம் போய்ப் புறம்போக்கில் குடியேறிய மக்களிடையே கும்பல் வாழ்க்கைக்கு நழுவும் ஒரு சிறுவனின் கதை அது. 2016 ஆகஸ்டில் மலேசியத் திரைப்பட விழாவின் பரிந்துரைகள் வெளியானபோது, மலாய் அல்லாத மொழிப் படங்களைத் தனிப் பிரிவில் ஒதுக்கியிருந்தது தெரிந்தது. திரைத்துறையினர் சிலர் விழாவையே புறக்கணித்தனர், ஆதரவாளர்கள் விலகினர், ஏற்பாட்டாளர்கள் பிரிவுகளை மாற்றினர். செப்டம்பரில் 'ஜகாட்' சிறந்த மலேசியப் படம் என்ற விருதை வென்றது.

இதைவிடப் பெரிய வெற்றி ஒரு மலேசியத் தமிழ் இயக்குநருக்கு அரிது. அதன்பின் சஞ்சயின் அடுத்த முழுநீளப் படத்தைப் பார்க்க நாம் பல ஆண்டுகள் காத்திருந்தோம். தமிழ்நாட்டிலும் கதை வேறல்ல. செழியனின் 'டூ லெட்' 2017இல் முடிந்தது, தேசிய விருது பெற்றது, திரையரங்குக்கு வந்தது 2019 பிப்ரவரியில். பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021 பிப்ரவரியில் ராட்டர்டாமில் முதன்மையான டைகர் விருதை வென்றது. ஆஸ்கருக்கு இந்தியாவின் தேர்வாகவும் போனது. பொதுமக்கள் அதைப் பார்த்தது 2023 அக்டோபரில், ஓடிடி தளத்தில். இத்தனைக்கும் நயன்தாரா, விக்னேஷ் சிவன் என்ற பெரிய பெயர்கள் தயாரிப்பில் இருந்தன.

விருதுக்கும் வெளியீட்டுக்கும் இடையே, முதல் படத்துக்கும் இரண்டாம் படத்துக்கும் இடையே கிடக்கும் இந்த வெற்றிடத்தில்தான் இத்தொழிலில் ஆட்கள் காணாமல் போகிறார்கள். முதல் படத்தைப் பிடிவாதம் எடுத்துவிடும்; இளமை, நண்பர்கள், அம்மாவின் நகை என்று கைகொடுக்கப் பலதும் இருக்கும். இரண்டாம் படத்துக்கு அவற்றில் பாதி தீர்ந்துபோயிருக்கும். அப்போது கையில் மிஞ்சவேண்டியது முதல் படத்தின் உரிமை: ஒளிபரப்பு, ஓடிடி, மறுஆக்கம், மொழிமாற்றம். அதைத்தான் முதல் கையெழுத்திலேயே எழுதிக் கொடுத்திருப்பார்கள். எத்தனை ஆண்டுக்கு உரிமை, அதற்குப் பின் யாருக்குத் திரும்பும், கணக்கை யார் எப்போது காட்டவேண்டும் என்ற மூன்று வரிகள் இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவர் இயக்குநராகச் சம்பளம் வாங்குகிறாரே தவிர, சுயேச்சைக் கலைஞராக எதையும் சேர்ப்பதில்லை. திரைக்கதையை மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் தாமாக முன்வந்து பதிவுசெய்யும் வசதி 2012 முதல் இருக்கிறது. தகராறு வந்தால் உதவும் காகிதம் அது. தயாரிப்பாளரிடம் கதை சொல்லப் போவதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை.

இனி பணம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். படத்தின் செலவு 3 லட்சம் வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். நுழைவுச்சீட்டு 20 வெள்ளி. கேளிக்கை வரி வெகுகாலம் 25 விழுக்காடாக இருந்தது; அதையே வைத்துக்கொள்வோம். அதைக் கழித்தால் 15. திரையரங்கின் பங்கு பாதி என்றால் மிஞ்சுவது ஏழரை. விநியோகஸ்தரின் தரகை விட்டுவிட்டாலும், போட்ட முதலை எடுக்க 40,000 பேர் வரவேண்டும். நாட்டிலுள்ள இந்தியர்கள் சுமார் 20 லட்சம். கைக்குழந்தையையும் சேர்த்து ஐம்பதில் ஒருவர், சென்னையிலிருந்து வரும் பெரிய நட்சத்திரப் படத்தை ஒத்திவைத்துவிட்டு, உங்கள் படத்துக்கு வரவேண்டும். உள்நாட்டுப் படங்களுக்கு வரியைத் திருப்பித் தரும் ஏற்பாடு உண்டு. தகுதி இருக்கவேண்டும், காகிதம் சரியாக இருக்கவேண்டும், பணம் பிறகுதான் வரும். கடன்காரர் அதுவரை காத்திருக்கமாட்டார்.

கடன் என்றதும் சொல்லவேண்டியது: உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர், அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்க 1951ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தரவில்லை; அடமானம் வைத்தால் 12. இதற்கு மேல் கேட்பவர் ஆலோங், அதாவது சட்டவிரோத வட்டிக்காரர். கூட்டுப் பணம் பிடித்துப் படமெடுக்கலாம் என்ற யோசனையும் நம் ஊர்களில் எழும். கூட்டுப் பணம் பிடிப்பதைத் தொழிலாக நடத்துவதைத் தடுக்கவே 1971ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. "ஆளுக்கு ஆயிரம் வெள்ளி போடுங்க, லாபத்தில் பங்கு" என்று பொதுமக்களிடம் திரட்டுவது இன்னும் சிக்கலானது. அதற்குப் பங்குச் சந்தை ஆணையத்திடம் பதிவான தளம் வழியாகவோ, 2016ஆம் ஆண்டு முதலீட்டுத் திட்டச் சட்டத்தின்கீழ் பதிவு செய்தோதான் போகமுடியும். நன்கொடை வேறு, முதலீடு வேறு. அதைத் தொடக்கத்திலேயே பிரித்து எழுதிவைக்காததால் சொந்தக்காரர்களே போலீசில் புகார் கொடுக்கும் நிலை வரும்.

முகாம் கதைக்கு வருவோம். அப்படிப்பட்ட படம் முதலில் தணிக்கையைத் தாண்டவேண்டும். 2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டப்படி, தணிக்கை வாரியம் அங்கீகரிக்காத படத்தை வைத்திருப்பதும் திரையிடுவதும் குற்றம். அபராதம் 5,000 முதல் 30,000 வெள்ளி வரை, அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பணம் வாங்காமல், அரங்கத்துக்கு வெளியே காட்டினாலும் விலக்கில்லை. இலங்கைப் போரின் இறுதி நாள்களைப் பற்றிய 'நோ ஃபயர் ஸோன்' ஆவணப்படத்தை 2013 ஜூலையில் கோலாலம்பூரில் திரையிட்டதற்காக மனித உரிமை ஆர்வலர் லீனா ஹென்றி மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. முதலில் விடுதலை, பிறகு அரசின் மேல்முறையீடு, கடைசியில் 2017 மார்ச்சில் 10,000 வெள்ளி அபராதம். ஒரு திரையிடலுக்கு ஏறத்தாழ மூன்றரை ஆண்டு நீதிமன்றம். அவர் இயக்குநர்கூட அல்லர்.

தணிக்கையில் தேறிவிட்டால் தொல்லை முடிந்தது என்றும் நினைக்கக்கூடாது. அமீர் முகமதுவின் 'லெலாக்கி கொமுனிஸ் தெராக்கிர்' 2006இல் ஒரு வெட்டும் இல்லாமல் அனுமதி பெற்றது. நாளிதழ் ஒன்று எதிர்த்து எழுதியபின் உள்துறை அமைச்சு தடை செய்தது. அமாண்டா நெல் யூவின் 'டைகர் ஸ்ட்ரைப்ஸ்' 2023இல் கான் விழாவின் விமர்சகர் வாரத்தில் முதற்பரிசு வென்றது. மலேசியத் திரையரங்குக்கு வந்தபோது இருந்த வெட்டுகளைப் பார்த்து, இது என் படமில்லை என்று இயக்குநரே சொல்லிவிட்டார். 'மெந்தெகா தெர்பாங்' சிறு முதலீட்டில் 2021இல் எடுக்கப்பட்ட படம். இணையத் தளத்தில் வந்தபின் 2023இல் சர்ச்சையானது, அதே ஆண்டு தடையானது. 2024 ஜனவரியில் அதன் இயக்குநர் கைரி அன்வாரும் தயாரிப்பாளரும் சமய உணர்வைப் புண்படுத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்டனர். படம் எடுத்து இரண்டாண்டுக்கு மேல் கழித்து வந்த வழக்கு அது. வரவுசெலவில் வழக்கறிஞர் கட்டணத்துக்கு ஒரு வரி ஒதுக்கச் சொன்னால் நம் பையன்கள் சிரிப்பார்கள்.

கடைசியாக, யாரும் பேசாத ஒன்று. மாதம் 3,000 வெள்ளி சம்பளத்தில் இருக்கும் ஒருவருக்கு ஊழியர் சேமநிதியில் முதலாளி 13 விழுக்காடும் அவர் 11 விழுக்காடும் செலுத்துவார்கள். மாதம் 720 வெள்ளி. பத்தாண்டில், லாப ஈவைச் சேர்க்காமலே, 86,400. சுயேச்சை இயக்குநரின் கணக்கில் அந்தப் பத்தாண்டு வெறுமையாக இருக்கும். பி. ராம்லியை 1950இல் 'பக்தி' படத்தில் கதாநாயகனாக்கிய எல். கிருஷ்ணன்கூட ஸ்டூடியோ சம்பளத்தில் இயக்கியவர்தான். பின்னாளில் விளம்பரப் படத் தொழிலுக்குப் போனார். இன்று ஸ்டூடியோ சம்பளம் இல்லை. தாமாகச் செலுத்துவோருக்கு ஐ-சாரான் திட்டத்தில் அரசு 20 விழுக்காடு, ஆண்டுக்கு 500 வெள்ளி வரை, சேர்த்துப் போடுகிறது. படப்பிடிப்பில் ஏணியிலிருந்து விழுந்து கை முறிந்தால் உதவ, சுயதொழில் செய்வோருக்கான 2017ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சந்தாவை அவரேதான் கட்டவேண்டும், அதுவும் விழுவதற்கு முன்பே.